யாத்திரிகனும் அசனப் பந்தியும்

குற்றாலத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் தொடங்கி ரசிகமணி டி.கே.சி. வரை அப்படித்தான். மலை, சாரல், வானரம், பந்தாடும் பெண். தப்பில்லை, அந்த மண்ணுக்கு அது தகும். ஆனால் தென்காசிக்கும் சுரண்டைக்கும் நடுவே, சாரல் வந்து சேராமல் வெறும் காற்று மட்டும் வந்து சேர்கிற ஒரு கிராமத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சந்தோஷம் எப்போதும் பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி. சத்தம் கேட்கும், பந்தி நமக்கில்லை.

2021இல் சாரல் வழக்கம்போல வந்தது. குளிக்கத் தடை. மெயின் அருவியில் தண்ணீர் யார் தலையிலும் விழாமல் பாறையில் விழுந்துகொண்டிருந்த வீடியோவை யாரோ வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அதற்கு முந்தின மே மாதம் எங்கள் ஊரில் அடுத்தடுத்துச் சாவு. என் பெரியப்பா போனது அந்த வரிசையில்தான். அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு, வந்தது அதிலும் பாதி. வெள்ளை அங்கி மாட்டிய நான்கு பேர் இறக்கினார்கள். ஐயர் தள்ளி நின்று பத்து நிமிஷத்தில் ஆராதனையை முடித்தார். பாட்டு, ஒரு செல்போன் ஸ்பீக்கரில் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் ஆச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பாட்டு படிக்கக்கூட ஆளில்லாமலா எம்புள்ளைய அடக்குனிய?”

அந்த வாரம் நான் செய்தது, இலக்கியம் வாசிக்கிறவன் செய்கிற வழக்கமான அசட்டுத்தனம். அலமாரியில் தேடினேன். கூட்டமாக ஒரு ஊருக்கு இழவு விழுந்தால் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் என்ன சொல்கிறது? கையில் கிடைத்தது ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. முன்பு பாதியில் விட்டிருந்ததை அந்த முறை கடைசிவரை வாசித்தேன். ரசித்தேன், பல இடங்களில் அசந்தும் போனேன். ஆனால் ஆறுதல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்ததிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

*

யாத்திரிகம் 1894இல் நூலாக வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் ‘நற்போதகம்’ இதழில் தொடராக வெளிவந்தது. ஐந்து பருவங்கள், மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட விருத்தங்கள். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’தான் மூலம். ஆனால் மொழிபெயர்ப்பு என்று சொன்னால் அடி விழும். கம்பனில் ஊறிய ஒரு நெல்லை வைணவர், அந்த எளிய ஆங்கில உரைநடைக் கதையை எடுத்து ஆற்றுப் படலமும் நாட்டு வளமுமாகக் காவியம் ஆக்கினார். கிறிஸ்து விசாரணையில் வாய் திறக்காமல் நிற்கும் பகுதியை அடுத்தவருக்கு வாசித்துக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை. ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்ற பட்டம் ஒரு பாடப்புத்தகத் தேய்வழக்காகிவிட்டது. பட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வாசித்தால் உண்மையாகவே பெரிய கவிஞர்.

சிக்கல் கதையிலேயே இருக்கிறது. பனியனின் நாயகன் தன் ஊர் அழியப்போகிறது என்று அறிந்ததும் ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் கூப்பிடுகிறார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அந்தக் காட்சியை மறுபடி யோசித்துப் பாருங்கள். ஊருக்கு வரும் அழிவுதான் கதையின் தொடக்கம், ஆனால் ஊர் கதையில் இல்லை. தப்பிக்கிற ஒருவன் மட்டும் இருக்கிறான். கிருஷ்ணபிள்ளையின் ஆத்துமவிசாரியும் அப்படித்தான், பெயரே சொல்லிவிடுகிறது: தன் ஆத்துமாவை விசாரிக்கிறவன். வழியில் துணைவர்கள் வருகிறார்கள், நல்ல துணைவர்கள். ஆனாலும் அவனவன் பாரம் அவனவனுக்கு. நடுவே தேவாரச் சாயலில் வரும் இசைப்பாக்களின் குரலும் பெரும்பாலும் ‘நான்’தான்.

பனியனுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். 1684இல் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் விட்டுவந்த மனைவி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பெண் எல்லாரும் சேர்ந்து புறப்படுகிறார்கள், மெதுவாக நடக்கிறார்கள், வழியில் சாப்பிடுகிறார்கள், நொண்டிகளையும் பயந்தாங்கொள்ளிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். விமர்சகர்கள் பலர் அதை முதல் பாகத்துக்குக் கீழேதான் வைப்பார்கள். எனக்கு 2021க்குப் பிறகு இரண்டாம் பாகம்தான் பிடிக்கிறது. கிருஷ்ணபிள்ளை எடுத்துக்கொண்டது முதல் பாகத்தை.

ஏன் என்பதற்கு அவர் வாழ்க்கையில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1827இல் திருநெல்வேலி பக்கம் கரையிருப்பில் பிறந்த வேளாளர். சாயர்புரத்தில் தமிழாசிரியர் வேலை. 1858இல் சென்னை போய் ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் காலத்தில் மேல்சாதி மனிதர் ஒருவர் மதம் மாறுவது என்பது உறவு, சாதி, தெரு எல்லாவற்றையும் ஒரே நாளில் இழப்பது. காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற அந்தக் காட்சி அவருக்கு உருவகமே இல்லை, நடந்தது.

அதே நெல்லைச் சீமையில் அதே காலத்தில் பனங்காட்டு ஊர்களில் வேறு விதமாக நடந்தது. அங்கே மதம் மாறியவர்கள் பெரும்பாலும் தனியாக மாறவில்லை. குடும்பமாக, சில இடங்களில் ஊராகவே மாறினார்கள். துரத்தப்பட்டபோதும் சேர்ந்தே துரத்தப்பட்டார்கள். முதலூர் அப்படித் துரத்தப்பட்டவர்களுக்காக 1799இல் உண்டான ஊர். பின்னால் ரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கம் வைத்து நிலம் வாங்கிக் குடியேற்றியதும் இதே காரணத்துக்குத்தான். இவர்களின் விசுவாச அனுபவத்தில் ‘நான்’ என்ற சொல்லுக்கு அவ்வளவு வேலை கிடையாது. ஆக, தமிழ்க் கிறிஸ்தவத்தின் மகா காவியம் அந்தச் சபையின் மிகச் சிறுபான்மை அனுபவத்தைப் பாடுகிறது. அது காவியத்தின் குறை இல்லை. அதை மட்டும் ‘தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம்’ என்று பாடத்தில் வைத்த நம்முடைய குறை.

*

யாத்திரிகம் எழுதப்பட்ட காலத்துக்குச் சற்று முன்னால்தான் தாது வருஷப் பஞ்சம். 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிய பஞ்சம். கால்டுவெல் 1877 மார்ச்சில் உதவிப் பேராயராக அபிஷேகம் பெற்றுத் திரும்பினார், அந்த ஆண்டிலேயே நெல்லையில் பட்டினி. பஞ்ச காலத்திலும் அதை ஒட்டியும் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். பஞ்சம் தெளிந்ததும் திரும்பிப் போனவர்களும் உண்டு. ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற ஏச்சு இந்த மாதிரிச் சமயங்களில் பிறந்ததுதான். இன்றும் யூட்யூப் விவாதங்களில் அதை எடுத்து வீசுகிறார்கள். நம் ஆட்கள் உடனே வெட்கப்பட்டு, “இல்லை இல்லை, உண்மையான மனமாற்றம்தான்” என்று பதில் சொல்லுகிறார்கள்.

எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பசித்தவன் கஞ்சி ஊற்றுகிற இடத்துக்குப் போனான். ஊற்றியவர் எந்தச் சாமியின் பேரைச் சொன்னார் என்று கேட்டான். இதில் என்ன பொய் இருக்கிறது? அன்றாட ஆகாரத்தைக் கேட்பதற்கு ஒரு வரியை வைத்திருக்கிற ஜெபத்தைத் தினமும் சொல்லுகிற மதம் இது. அதன் மையச் சடங்கே ஒரு சாப்பாடு. சோறும் விசுவாசமும் வேறுவேறு என்று நினைக்கிறவர்கள் ஒருவேளை ஒருநாளும் பசித்திராதவர்களாக இருக்கலாம்.

அந்தப் பஞ்சம் இலக்கியத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினால், தமிழில் கிறிஸ்தவர் எழுதியதில் முதலில் நிற்பவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. நமக்கு அவரைத் தமிழின் முதல் நாவலாசிரியராக மட்டும்தான் தெரியும். பஞ்சத்தில் தன் பொருளைச் செலவழித்துக் கஞ்சித் தொட்டி நடத்தியவர் அவர். கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் பாராட்டிப் பாடியிருக்கிறார். 1878இல் வந்த அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யில் பஞ்சத்தைத் தீர்க்கச் சொல்லிக் கடவுளிடம் மன்றாடும் பாட்டு இருக்கிறது. கத்தோலிக்கரான அவர் எந்த மதத்தவர் வாயிலும் உட்காருகிற மாதிரி அதை எழுதினார், காரணம் கஞ்சித் தொட்டியில் நின்றவர்கள் எல்லா மதத்தவரும். இதே பஞ்சத்தை வைத்து வில்லியப்ப பிள்ளை எழுதிய ‘பஞ்சலட்சணத் திருமுக விலாச’த்தில், மதுரைச் சொக்கநாதரே பஞ்சம் தாங்காமல் சிவகங்கை ஜமீன்தாருக்கு ஓலை எழுதுகிறார்! ஒருவர் கடவுளிடம் முறையிடுகிறார், இன்னொருவர் கடவுளையே முறையிட வைக்கிறார். யாத்திரிகத்தில் எனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று இந்த இரண்டிலும் இருந்தது. ஊர் இருந்தது.

*

இந்த ஊரின் குரல் தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு வந்த வழி குற்றாலத்தின் வழியாகத்தான். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு உள்ளூர்ப் பெருமை வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாகவே சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய், சரபோஜி மன்னரின் இளமைத் தோழராக இருந்த வேதநாயகம் சாஸ்திரியார் 1800இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். குற்றாலக் குறவஞ்சி போட்டுக்கொடுத்த பாதைதான். தலைவி தேவமோகினி, அவள்தான் சபை. தலைவன் பெத்லகேம் நாதர். அவளுக்குக் குறி சொல்ல வரும் குறத்தி யார் தெரியுமா? விசுவாசம்.

பலர் இதை ஒரு சாமர்த்தியமான உருவகம் என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். குறத்தி யாரென்று யோசித்தால் நகர முடியாது. ஊர் ஊராக அலைகிறவள். கூடையோடு வருகிறவள். குறி சொல்லுமுன் கூழோ கஞ்சியோ கேட்பது குறவஞ்சி வகையின் வழக்கம். விசுவாசத்துக்கு இந்த வேஷத்தைக் கொடுத்தால் என்ன ஆகிறது? விசுவாசம் பசித்து வருகிறவள் ஆகிவிடுகிறாள். பிரசங்க மேடையில் நின்று விளக்கம் கொடுக்கிறவள் இல்லை, திண்ணையில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பார்க்கிறவள். பஞ்சம் வருவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னாலேயே ‘அரிசிக் கிறிஸ்தவ’ ஏச்சுக்கு இதில் பதில் இருக்கிறது.

சாஸ்திரியார் கொடுத்த இன்னொன்று கீர்த்தனை. எங்கள் பக்கத்துக் கோவில்களில் இரண்டு பாட்டுப் புத்தகம். பாமாலை மேற்கத்திய ராகம், கீர்த்தனை நம்மூர் ராகம். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் படிப்பது கீர்த்தனை. எழுத்து தெரியாத ஆச்சிக்கு எழுபது எண்பது பாட்டு மனப்பாடம். பீடி சுற்றும்போது மடியில் சொளகு, வாயில் பாட்டு. எதிர்த் திண்ணையில் ஒருத்தி இரண்டாம் அடியை எடுப்பாள். அது தனி வாசிப்புக்கான பிரதி இல்லை. செல்போன் ஸ்பீக்கரில் ஓடியபோது அது பொய்யாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். குரல் எல்லாம் இருந்தது, எடுத்துக் கொடுக்கிற ஆளும் வாங்குகிற ஆளும் இல்லை.

இங்கே கதையை நிறுத்திவிட்டால் நல்லாத்தான் இருக்கும். ஆனால் சாஸ்திரியார் 1820களில் புது மிஷனரிமாரோடு சண்டை போட்டவர். தமிழ்ப் பாட்டை ஆராதனையில் தடுத்ததை எதிர்த்தார், பண்டிகைகளை நிறுத்தியதை எதிர்த்தார். கைதட்டலாம். அதே மூச்சில் சாதி வித்தியாசத்தைக் கோவிலுக்குள் ஒழிக்கப் பார்த்ததையும் எதிர்த்தார், சாதி ஆசாரத்தை நியாயப்படுத்தி எழுதினார். பொதுப் பாட்டைத் தந்தவர் பொதுப் பந்தியை ஒப்புக்கொள்ளவில்லை. இதை மறைத்துக்கொண்டு ‘சமூகமாகப் பலம் பெற்றோம்’ என்று எழுதுவது எனக்குக் கூசுகிறது. எங்கள் பக்கத்தில் இன்றும் ஒரே திருச்சபையில் தெருவுக்கொரு கோவில் இருப்பது ஏன் என்று உள்ளூர்க்காரர் யாரையும் கேட்டுப் பாருங்கள். துக்கத்துக்குக் கூடுகிற கூட்டத்துக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டவன் தனியே ஓடுகிற யாத்திரிகன் ஆகிறான். கிருஷ்ணபிள்ளையின் ‘நான்’ எனக்கு மறுபடி புரிய ஆரம்பித்தது இந்த இடத்தில்தான்.

*

2021 இறுதியில் கோவில்கள் பழையபடி நிரம்பியபோது முதலில் திரும்பி வந்தது சாட்சி. ஒருவர் எழுந்து, ஆக்சிஜன் இறங்கிப்போனதையும் சபை ஜெபித்ததையும் தேவன் தன்னைப் பிழைக்க வைத்ததையும் சொல்லுவார். ஸ்தோத்திரம் என்று கூட்டம் சொல்லும். நிஜமான நன்றி, குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது வரிசையில் என் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனுக்காகவும் இதே சபைதான் ஜெபித்தது. சாட்சி என்ற இலக்கிய வடிவத்தில் அவளுக்கு இடமே இல்லை. அது பிழைத்தவர்களின் வடிவம், ஒருமையில் மட்டுமே எழுதக்கூடியது.

வேதத்தில் அவளுக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. ‘புலம்பல்’. எருசலேம் அழிந்த பிறகு எழுதப்பட்ட ஐந்து பாட்டுகள். முதல் நான்கும் எபிரேய அகர வரிசையில் அடுக்கியவை. அழுகை கட்டற்றுப் போய்விடாமல் எழுத்தெழுத்தாகப் பிடித்துக்கொள்வது மாதிரி. மூன்றாவது பாட்டில் ஒரு தனி மனிதன் தன் வேதனையைச் சொல்லுகிறான். அதன் நடுவில்தான் காலைதோறும் புதிதாகும் கிருபையைப் பற்றிய வசனம் வருகிறது. வருஷப் பிறப்பு வாக்குத்தத்த அட்டைகளில் எல்லாம் அச்சடிப்பது அதைத்தான். அதைத் தாண்டி யாரும் போவதில்லை. ஐந்தாவது பாட்டுக்கு வந்தால் ‘நான்’ போய் ‘நாங்கள்’ வந்துவிடுகிறது. அகர வரிசையும் கழன்றுவிடுகிறது. கடைசி வசனம் ஆறுதலில் முடியவில்லை, எங்களை அடியோடு தள்ளிவிட்டீரோ என்ற பயத்தில் முடிகிறது. யூதர்கள் ஜெபாலயத்தில் அந்தக் கடைசி வசனத்தை வாசித்ததும் அதற்கு முந்தினதை மறுபடி ஒருமுறை வாசித்துத்தான் நிறுத்துவார்கள். அப்படியே முடிக்க யாருக்கும் தைரியமில்லை. ஆனால் வசனத்தை வெட்டி எறியவும் இல்லை.

நாங்கள் வெட்டிவிட்டோம். எங்கள் ஊர்ச் சாவில் உபதேசியார் வந்து பாட்டை ஆரம்பித்ததும் தெருவில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் அடங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். நம்பிக்கையற்றவர்கள் மாதிரி அழக்கூடாதாம். ஆச்சி இதை மதித்ததே இல்லை. “ஐயர் பாட்டு அவருக்கு, நம்ம பாட்டு நமக்கு” என்பாள். அவள் ஒப்பாரியில் மோட்சம் வராது. பெரியப்பா பனையேறிக் கையில் வாங்கிய தழும்பு வரும், அவர் வாங்கித் தந்த சுங்கடிச் சேலை வரும். கடவுளைப் பார்த்து இரண்டு கேள்வியும் வரும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதர்கள், வாயைத் திறந்துதான் கெட்டார்கள் என்பது அவளுடைய இலக்கிய விமர்சனம்.

கடற்கரைக்காரர்கள் இதில் எங்களை விடத் தேறியவர்கள் என்று நினைக்கிறேன். சுனாமி வந்த அதே 2004இல்தான் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ வந்தது. அதில் ஊர்தான் நாயகன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலோரத்தை அடித்தபோது, அரசு சொன்ன எண்ணிக்கை ஒன்று, பங்குகளில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய காணாமல் போனோர் பட்டியல் சொன்னது வேறு. அந்தப் பட்டியலோடுதான் மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள். அந்த ஓக்கித் துக்கத்தில் பிறந்த முக்கியமான பிரதி எது என்று கேட்டால், நான் அந்தப் பெயர்ப் பட்டியலைத்தான் சொல்லுவேன். அதற்கு ஒரு மரபும் இருக்கிறது. திருநெல்வேலித் திருச்சபையின் கதை தொடங்குவதே பாளையங்கோட்டையில் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருக்கும் நாற்பது பெயர்களிலிருந்துதான். குளோரிந்தா அம்மையாரின் பெயர் அதில் இருக்கிறது.

*

எங்கள் ஊரில் அசனம் இரண்டு வருஷம் நடக்கவில்லை. வெளியூர் வாசகர்களுக்கு: கோவில் பண்டிகையில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு அசனம். வீடுகளில் சேர்த்த பிடியரிசியும் காணிக்கையும் போட்டு ராத்திரி முழுக்க ஆக்குவார்கள். 2022இல் மறுபடி வைத்தார்கள். அந்த வருஷம் இரண்டு காரியம் நடந்தது. சாப்பாட்டுக்கு முன் உபதேசியார் இரண்டு வருஷத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். வெறும் பெயர்தான். வசனம் இல்லை, விளக்கம் இல்லை. முதல் தடவையாகக் கீழத்தெருக் கோவில்காரர்களின் பெயர்களும் அதில் இருந்தன. யார் சேர்க்கச் சொன்னார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாசித்து முடித்ததும் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாத ஒரு அமைதி. அப்போது பந்தலின் பெண்கள் பக்கத்தில் ஆச்சி ஒரு கீர்த்தனையை எடுத்தாள், சுருதி எங்கேயோ போய்விட்டது. எதிர்த் திண்ணைக்காரி இரண்டாம் அடியை எடுத்தாள். என் பெரியம்மா பாடவில்லை. கீழத்தெருவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். இலை போட்டுக்கொண்டிருந்த பையன் அவர்களைப் பார்த்து, “நிக்கிய, வந்து உக்காருங்க, சோறு ஆறுது” என்றான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.